நாற்றம் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி

கேள்வி: சேலத்தில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் போய்ப் படம் எடுப்பதில் எனக்கும் நண்பர்கள் இருவருக்கும் ஆர்வம். ஆத்தூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போன மாதம் போனோம். என் அம்மாயி (அம்மாவின் அம்மா) அங்கே பதினெட்டு வருடம் களத்தில் வேலை பார்த்தவர். பின்பக்கச் சுவர் இடிந்திருந்த இடத்தில் நுழைந்தோம். ஒரு கொட்டகைக்குள், தரையோடு தரையாகச் சிமெண்ட் பலகைகள் போட்டு மூடிய தொட்டி இருந்தது. பலகை ஒன்றை நகர்த்தி, ஆழம் பார்க்கக் கம்பு விட்டுக் கிளறினோம். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. சிறிது நேரத்தில் நாற்றம் நின்றுவிட்டது. கெட்ட காற்று வெளியேறிவிட்டது என்று நினைத்து, நண்பன் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே நீட்டிப் படம் எடுத்தான். எழுந்ததும் தலை சுற்றி வாந்தி எடுத்தான். காலையில் சாப்பிடாததுதான் காரணம் என்கிறான். அடுத்த முறை இரவில் போய், ஏணி வைத்துத் தொட்டிக்குள் இறங்கிப் படம் எடுக்கத் திட்டம். முகக்கவசம் போதுமா? வேறு என்ன கொண்டுபோக வேண்டும்? சட்டப்படி இது குற்றமா? இன்னொன்று: எடைமேடைக்குப் பக்கத்து அறையில், சின்னத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒரு தராசிலிருந்து கம்பிக்கூடை தொங்குகிறது. அது எதற்கு?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் "சிறிது நேரத்தில் நாற்றம் நின்றுவிட்டது" என்ற வரிக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ, ஸ்டார்ச் ஆலைகளில் கழிந்தது. இந்த வரியை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் பிழைத்து வந்தவர்கள் வாயால் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சொல்லிக் கேட்டேன்.

அழுகிய முட்டை நாற்றம் என்றால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அளவு ஏறி நூறு பங்கைத் தொடும்போது, சில நிமிடங்களில் முகரும் நரம்பு மரத்துப்போகும். வாயு அங்கேயேதான் இருக்கும், நாற்றம் மட்டும் தெரியாது. ஐந்நூறு, எழுநூறு என்று போனால் ஐந்து நிமிடத்தில் ஆள் சுருண்டு விழுவார். ஆயிரத்தை நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சு போதும், கூப்பிடக்கூட நேரம் இருக்காது. நாற்றம் நின்ற அந்த நொடியில் உங்கள் நண்பர் எந்த அளவில் நின்றிருந்தார் என்பதை இனி யாராலும் அளந்து சொல்ல முடியாது. தலைசுற்றலையும் வாந்தியையும் வைத்துப் பார்த்தால், காலையில் சாப்பிடாதது காரணம் இல்லை என்பது மட்டும் எனக்கு உறுதி.

முதலில் அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாதம் ஆகிவிட்டதே என்று தள்ளிப்போட வேண்டாம். தலைவலி, இருமல், மறதி, நடையில் தடுமாற்றம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். "மூடிய கழிவுத் தொட்டிக்குள் தலையை நீட்டினேன், முட்டை நாற்றம் வந்தது" என்று மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் எந்த மருத்துவருக்கும் இந்தக் காரணம் தோன்றாது. எதிர்காலத்துக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: இப்படி வாயு தாக்கியவருக்கு ஓரிரு நாள் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். எழுந்து நடக்கிறார் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

பூட்டிக் கிடக்கும் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கும் உணவு ஆலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஸ்பின்னிங் மில்லில் இயந்திரம் நின்றால் இரும்புதான் துருப்பிடிக்கும். உணவு ஆலையில் மனிதர்கள் போன பிறகும் கிருமிகள் வேலையை நிறுத்துவதில்லை. மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்துக் கழுவி, அரைத்து, சல்லடையில் வடித்து, வந்த பாலைத் தொட்டியில் தெளியவிட்டு மாவெடுக்கிறோம். மிஞ்சிய சக்கைதான் திப்பி. தெளிந்த தண்ணீர் கழிவாக ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் கரைந்த மாவும் சர்க்கரையும் நிறைய இருக்கும். மாவு வெளுக்கவும் சீக்கிரம் தெளியவும் சில ஆலைகளில் கந்தக அமிலம் சேர்த்த காலமும் உண்டு. காற்றுப் புகாத தொட்டியின் அடிச்சேற்றில் இந்த மாவும் கந்தகச் சத்தும் சேர்ந்து கிடந்தால், ஆண்டுக்கணக்கில் மீத்தேனும் கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஊறிக்கொண்டே இருக்கும். மழைத் தண்ணீர் இறங்கினால் சேறு மறுபடி உயிர் பெறும். வாயு சேற்றுக்குள் குமிழ் குமிழாக அடைபட்டுக் கிடக்கும். நீங்கள் கம்பு விட்டுக் கிளறினீர்களே, அந்தக் குமிழ்களைத்தான் உடைத்துவிட்டீர்கள்.

மரவள்ளியில் சயனைடு இருக்கிறதே, அது இல்லையா என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்கக்கூடும். தோலிலும் பாலிலும் அது உண்டு. ஆலை ஓடும்போது அது கழிவுநீர்ப் பிரச்சினை. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த இடத்தில் அது சிதைந்து ஆவியாகிப் போயிருக்கும். நீங்கள் பயப்பட வேண்டியது சேற்றுக்கு.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1990களின் தொடக்கம், நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். ராசிபுரம் பக்கம் ஒரு ஆலை, பெயர் வேண்டாம். கோடையில் மூன்று மாதம் நிறுத்தி வைத்திருந்துவிட்டு, அரவை தொடங்கும் முன் தொட்டிகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வாளி கயிறு அறுந்து உள்ளே விழுந்துவிட்டது. அதை எடுக்க ஒருவர் இறங்கினார். தொட்டியின் ஆழம் ஐந்தரை அடிதான். நிமிர்ந்து நின்றால் தலை வெளியே தெரிந்திருக்கும். வாளியை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. அவருடைய மச்சான் ஓடிவந்து குதித்தார். அவரும் எழவில்லை. மூன்றாவதாக ஒரு பையன் பாய்ந்தபோது, களத்தில் இருந்த பெண்கள் அவன் லுங்கியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அவன் அவர்களைக் கடித்தானாம், அடித்தானாம். அவர்கள் விடவில்லை. அவன் ஒருவன்தான் மிஞ்சினான்.

விசாரணைக்காக நான் போய்ச் சேர்ந்தபோது உடல்களை எடுத்திருந்தார்கள். தொட்டி விளிம்பில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, கோயில் வாசலில் கழற்றி விட்டதுபோல அருகருகே சேர்த்து வைத்திருந்தது. அது முதலில் இறங்கியவருடையது. பத்தடி தள்ளி ஒரு செருப்பு, இன்னும் நாலடி தள்ளி அதன் ஜோடி குப்புறக் கவிழ்ந்து. அது மச்சானுடையது. அன்றிலிருந்து எந்தத் தொட்டி ஓரத்தில் செருப்பைப் பார்த்தாலும் என் கண் ஆளைத் தேடுகிறது.

உங்கள் நண்பர் குப்புறப் படுத்திருந்த நிலையில் கை தளர்ந்து உள்ளே சரிந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? யோசிக்காமல் குதித்திருப்பீர்கள். நட்பு அப்படித்தான். அதனால்தான் கழிவுநீர்த் தொட்டி மரணச் செய்திகளில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் வெளியே இருப்பவர் இறங்கவே கூடாது. 112 அல்லது 101-ஐ அழைத்து, "தொட்டிக்குள் வாயு, ஆள் மயக்கம்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்று உருளையோடு வருவார்கள். அதுவரை விளிம்பிலிருந்து விலகி நின்று, கயிறு எறிந்து பார்க்கலாம். அவ்வளவுதான். நண்பன் கண் முன்னால் கிடக்க, வெளியே நிற்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுபோகிற எந்தப் படமும் வேண்டாம் என்கிறேன்.

முகக்கவசம் பற்றிக் கேட்டீர்கள். கடையில் கிடைக்கும் முகக்கவசம், என்95 உட்பட, தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வாயுவை வடிகட்டும் குப்பி பொருத்திய கவசம்கூட இல்லாத ஆக்சிஜனை உண்டாக்கிக் கொடுக்காது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே ஆள் இறங்கக் கூடாது என்பது எங்கள் விதி. நான்கு வாயுக்களைக் காட்டும் கருவி, காற்றூதி, உடம்பு முழுவதும் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, மேலே ஆளைத் தூக்கும் மூன்றுகால் தாங்கியும் கயிறுமாகப் பயிற்சி பெற்ற இருவர், எழுத்தில் அனுமதிச் சீட்டு: இத்தனையும் இருந்தால்தான் நாங்களே ஒருவரை இறக்குவோம். அதுவும் வேலைக்காக. படத்துக்காக இறங்க நான் எந்தக் கருவியும் சொல்லித்தர மாட்டேன். இரவில் போவதாக எழுதியிருக்கிறீர்கள். காற்று அசையாத குளிர்ந்த இரவில் கனமான வாயு பள்ளத்திலேயே படிந்து நிற்கும். மீத்தேன் காற்றில் ஐந்திலிருந்து பதினைந்து சதவீதம் கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும். இரவுத் திட்டத்தை இப்போதே கைவிடுங்கள்.

தொட்டியைத் தவிர மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கழிவுநீர்க் குட்டையை மட்டும் சற்று விரிவாக. அது ஆலையின் பின்புறம் இருக்கும். மேலே படிந்த திப்பியும் ஆடையும் காய்ந்து பொருக்காகி, அதன்மேல் மண் படிந்து புல்லும் முளைத்திருக்கும். பார்த்தால் மைதானம் போல இருக்கும். ஆடு மேய்ப்பவர்கள் அந்தப் பக்கம் ஆட்டை விடமாட்டார்கள். கால் வைத்தால் பொருக்கு உடைந்து, இடுப்பளவோ அதற்கு மேலோ சேறு இழுத்துக்கொள்ளும், கூடவே வாயு. சேகோ ஆலை வளாகத்தில் அளவுக்கு மீறிச் செழிப்பாக, சமதளமாகப் புல் இருந்தால் அங்கே நடக்காதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகளும் புதருக்குள் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஏறவே வேண்டாம். வெயிலில் காய்ந்த அந்த ஓடு அப்பளம் போல நொறுங்கும். உடைந்த துண்டுகளின் தூசி நுரையீரலுக்குப் பகை. சாக்கு மூட்டைக் குவியலில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குக் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் வரும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். கடிபட்டவரை அசையவிடாமல் 108-இல் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மூடி கழன்ற பிளாஸ்டிக் பீப்பாய்களை நகர்த்தாதீர்கள். அமிலமும் வெளுப்புத் திரவமும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

சட்டம் பற்றி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு அத்துமீறி நுழைவதைப் பற்றியது. குற்றம் செய்யும் நோக்கத்தோடோ, உரிமையாளரை மிரட்டும், அவமதிக்கும், தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடோ நுழைவதைத்தான் அது தண்டிக்கிறது. திறந்த இடம் என்றால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பொருள் வைத்திருக்கும் கட்டடம் என்றால் சிறை ஓராண்டு வரை போகலாம். உங்களுக்கு அப்படி நோக்கம் இல்லைதான். ஆனால் பூட்டிய ஆலைகளில் செப்புக் கம்பியும் மோட்டாரும் திருடு போவது வாடிக்கை. நீங்கள் போய்வந்த வாரத்தில் ஒரு மோட்டார் காணாமல் போனால், ஊர்க்காரர் பார்த்த மூன்று பேர் நீங்கள்தான். உங்கள் கேமராவில் இருக்கும் படங்கள் நீங்கள் உள்ளே இருந்ததற்குச் சாட்சியாகிவிடும்.

கம்பிக்கூடைக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு மகிழ்ச்சி தந்த இடம் அதுதான். அது பாயிண்ட் பார்க்கும் தராசு. மரவள்ளிக்கு விலை எடைக்கு மட்டும் இல்லை. அதில் எவ்வளவு மாவு இருக்கிறது என்ற பாயிண்ட் கணக்குக்கும் சேர்த்துத்தான். வண்டியிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துக் கூடையில் போட்டு முதலில் காற்றில் எடை பார்ப்பார்கள். பிறகு கூடையைத் தண்ணீரில் முக்கி எடை பார்ப்பார்கள். மாவு தண்ணீரைவிடக் கனம்; ஆகவே மாவு அதிகம் உள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் எடை காட்டும். அந்த முள் ஒரு கோடு ஏறுமா இறங்குமா என்று, பத்து மாதம் பயிர் பார்த்த விவசாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மழைக்குப் பிறகு வெட்டிய கிழங்கு என்றால் பாயிண்ட் விழும். எந்தக் கிழங்கை எடுத்துப் போட்டாய், மண்ணை உதறினாயா என்று அந்த அறையில் நடந்த வாக்குவாதங்களை நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். சேலம் மாவட்டத்தின் பாதிக் கதை அந்தக் கூடையில் தொங்குகிறது. நீங்கள் அதைக் கண்டும் என்னவென்று தெரியாமல் தாண்டிப் போய், படம் எடுக்க ஒன்றும் இல்லாத தொட்டிக்குள் தலையை நீட்டியிருக்கிறீர்கள்.

இரண்டாம் உலகப் போர் நடந்த 1940களில், மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது இங்கே முளைத்த தொழில் இது. 1981-இல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்கு நடுவில், கிழங்கு வரத்துக் குறைந்தும் கடன் ஏறியும் சின்ன ஆலைகள் பல கதவைச் சாத்தின. அவற்றின் உள்ளே எப்படி வேலை நடந்தது என்பதைப் படமாகப் பதிந்து வைக்க ஆள் வேண்டும். அதனால் உங்களைப் போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசல் வழியாகப் போங்கள் என்கிறேன்.

பூட்டிய கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடனுக்காக 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி கைப்பற்றிய ஆலை என்றால், அதில் எந்தக் கிளை, எந்த அதிகாரி என்று அச்சிட்டிருக்கும். அவரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். நோட்டீஸ் இல்லையென்றால் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். உரிமையாளர் யார், காவல்காரர் எங்கே குடியிருக்கிறார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, எந்த நாள், எத்தனை பேர், எந்தெந்தக் கட்டடம் என்று எழுதிக் கொடுங்கள். தொட்டி, குட்டை, கூரை மூன்றுக்கும் போகமாட்டோம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், மறுக்க நினைப்பவர்கூட யோசிப்பார். பகலில், மழை ஓய்ந்த பிறகு, கணுக்கால் மூடிய பூட்ஸோடு போங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

அதற்கு முன் தை மாத வாக்கில் ஓடுகிற ஆலை ஒன்றை உரிமையாளரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். கிழங்கு வண்டி வருவது, பால் இறங்குவது, ஈரமாவு தூளியில் குலுங்கிக் குருணையாக உருளுவது, தேங்காயெண்ணெய் தடவிய தகட்டில் வறுபடுவது எல்லாம் கண்ணில் இருந்தால், மூடிய ஆலையில் ஒவ்வொரு சுவரும் உங்களிடம் பேசும்.

முக்கியமாக, அம்மாயியைக் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே வர வேண்டாம். களத்து ஓரம் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தால் போதும். சித்திரை வெயிலில், சிமெண்ட் களத்தில் பரப்பிய ஜவ்வரிசிக்குள் வெறுங்காலை இழுத்து இழுத்து நடந்து, வரி வரியாகக் கிளறிவிட்டவர் அவர். பதினெட்டு வருடம். எந்தத் தொட்டி எதற்கு, எந்த மூலையில் யாருக்கு என்ன ஆனது, பிள்ளைகளை எந்த மரத்தில் தூளி கட்டிப் போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் உள்ளங்காலைப் படம் எடுக்க அனுமதி கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம். நகர்த்திய பலகையைத் திரும்ப மூடினீர்களா? நண்பர் வாந்தி எடுத்த பதற்றத்தில் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருப்பீர்கள் என்று எனக்குப் படுகிறது. இடிந்த சுவர் வழியாக நீங்கள் நுழைந்ததுபோலப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் பந்து பொறுக்க நுழைவார்கள். நீங்கள் போய் மூட வேண்டாம். காவல்காரரிடமோ, ஊரின் கிராம நிர்வாக அலுவலரிடமோ, எந்தக் கொட்டகை, எந்த மூலை என்று விவரமாகச் சொல்லுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பலகையைக் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுக்க வேண்டும், யாரும் குனிந்து பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதைப் படித்து முடித்ததும், இன்றைக்கே.